கப்பலைப் பற்றிய பன்னிரண்டு உண்மைகள்

அம்மாவிடம் பித்தக்குழாயில் கல் என்று சொல்லியிருந்தோம். உண்மையில் அது கணையத்தில் இருந்தது. கல்லும் இல்லை, புற்று. ஈரலுக்கும் போய்விட்டது என்று டாக்டர் திரையில் படத்தைக் காட்டிச் சொன்னபோது அறைக்குள் மூன்று பேர் இருந்தோம். அப்பா, அம்மாவின் அண்ணன் பங்காரு மாமா, நான். அம்மா வெளியே நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. பித்தக்குழாயில் ஒரு சிறு குழல் வைத்தாயிற்று, காமாலை இறங்கும், அரிப்பு நிற்கும், பசி எடுக்கும் என்றார். "ஆறு வாரம், மிஞ்சிப்போனா எட்டு வாரம் நல்லா நடமாடுவாங்க. எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சா இப்பவே போயிருங்க. அதுக்கு மேல எதையும் திட்டம் போட்டு வெக்காதீங்க."

முடிவு செய்தவர் பங்காரு மாமா. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். எங்கள் வீட்டின் பெரிய விஷயங்களில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வேறு பேச்சு இருந்ததில்லை. மருத்துவமனை நடைவழியில் நின்று என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

"கண்ணு, உங்கம்மாளுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே உழுந்துருவா. இருக்கற நாளைக்குச் சிரிச்சுட்டு இருக்கட்டும்."

அப்பா சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்த பத்து நாளில் டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. அம்மாவின் கண் வெளுத்தது. இரவெல்லாம் கையைக் காலைச் சொறிவது நின்றது. அடுப்படிக்குள் நுழைந்து நான் வைத்திருந்த டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றினாள். "ஒரு மாசம் ஊட்ட உட்டுட்டுப் போனா உப்பு எங்க கெடக்குதுன்னு தெரியல. நீயெல்லாம் எப்படி ஒரு ஊட்டுக்குப் போயிக் குப்பை கொட்டப் போறயோ" என்று என்னோடு சண்டை பிடித்தாள்.  அந்தத் திட்டைக் கேட்கும்போது இருந்த கஷ்டம், அவள் நோயில் கிடந்தபோதுகூட எனக்கு இருக்கவில்லை.

கோவை கணபதியில் எங்கள் வீடு. முன்பக்கம் அப்பாவின் பட்டறை, இரண்டு லேத், பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. ஒரு நாள் மதியம் சாப்பிட வந்த அப்பா, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆரம்பித்தார்.

"அம்மணி, எங்கயாவது போயிட்டு வரலாமா? முப்பதாவது கல்யாண நாளு வருதல்ல."

"இருவத்தஞ்சாவதுக்கு மருதமலைக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல. இப்ப என்னுங்க திடீர்னு?"

"அந்தக் கொறைய வெக்க வேண்டாம்னுதான்."

"கண்ணு, உங்கொப்பனுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைக் கப்பல் ஒன்று நீலத்தில் மிதந்தது. உள்ளே விருந்துக்கூடம், வளைந்து இறங்கும் படிக்கட்டு, பால்கனியில் காப்பிக் கோப்பையோடு ஒரு பெண். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "போறதுன்னா இதுல போலாம். முடியுமுங்களா உங்களால?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அப்பா அன்று மாலையே என்னைக் காந்திபுரத்துக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஒரு பயண அலுவலகத்தில் வின்ஸ்டன் என்று ஒருவன் இருந்தான். முப்பது வயது இருக்கும். கொச்சியிலிருந்து மூன்று இரவு, தீவுப் பக்கம் போய்த் திரும்பும் கப்பல். டிசம்பர் ஆறாம் தேதி இடம் இருக்கிறது என்றவன், உடனே ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். 'கப்பலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை' என்ற தலைப்பில் பன்னிரண்டு வரிகள்.

"இது பழைய கப்பலுங்க. நீங்க பாத்த படம் வேற, இது வேற. போன சீசன்ல ஈரோட்டுல இருந்து ஒரு மஞ்ச மண்டிக்காரரு, ஒறம்பரை சொந்தமெல்லாம் கூட்டிட்டுப் போனாரு. லிஃப்ட் நின்னுபோச்சுன்னு திரும்பி வந்து இந்த மேசையத் தட்டுன தட்டுல கண்ணாடியே ஒடஞ்சுபோச்சுங்க. அதுல இருந்து நான் எல்லாத்தையும் முன்னாலயே சொல்லிர்றது. போற ஒவ்வொருத்தரும் படிச்சுக் கையெழுத்துப் போடோணும். சும்மா வாங்கிட்டு வந்துராதீங்க, படிச்சுக் காட்டுங்க."

அப்பா நின்றபடியே படித்தார். "முப்பத்தி நாலு வருசத்து மெஷினா? என்ற பெரிய லேத்துக்கு நாப்பது வயசு. பழசுதான் நம்பிக்கையா ஓடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். எனக்கு அந்தப் பன்னிரண்டு வரிகளில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. எனக்குக் கப்பல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கடலை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை. கல்லூரி நூலகத்தில் வேலை. வேறு தேசங்களிலிருந்து தமிழுக்கு வந்த நாவல்கள் வைத்திருக்கும் அலமாரி என் மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த கடலெல்லாம் அங்கிருந்து வந்தது. அந்தக் கதைகளில் கரையில் சொல்ல முடியாததைக் கப்பலின் மேல்தளத்தில் நின்று சொல்வார்கள். காற்று அடிக்கும். கேட்பவர் வெகுநேரம் தண்ணீரைப் பார்ப்பார். பிறகு ஏதோ ஒரு விதத்தில் அது தாங்கக்கூடியதாகிவிடும். இரண்டாம் நாள் மாலை, அப்பாவைக் கீழே அனுப்பிவிட்டு, அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். மாமாவுக்குச் செய்த சத்தியம் கரையோடு முடிந்தது என்று எனக்கு நானே ஒரு சட்டமும் வகுத்துக்கொண்டேன்.

அவளுக்குத் தெரிய வேண்டும். சிலிண்டர் மாட்டிய தேதியைச் சாக்பீஸால் சிலிண்டரிலேயே எழுதி வைக்கிறவள் அவள். எத்தனை நாள் வரும் என்று தெரியாமல் அவள் எதையும் செலவழித்ததில்லை. தன் நாட்களை மட்டும் இப்படி, உப்பு டப்பாவுக்காக என்னோடு சண்டை போட்டுக் கழித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தாளோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"இதுக்கு நீ கையெழுத்துப் போடணும். படிக்கறேன், கேளு."

கையெழுத்தை மட்டும் வாங்கியிருக்கலாம். பாதியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அவளிடம் மாத்திரையின் பெயரிலிருந்து டாக்டரின் துறை வரை எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லியிருந்தேன். ஸ்கேன் அறிக்கையைப் புத்தக அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்த ஒரு தாளிலாவது ஒரு சொல்லும் மாற்றாமல் அவளிடம் பேச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசையில்தான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

"ஒண்ணு. இந்தக் கப்பல் கட்டி முப்பத்து நாலு வருசம் ஆச்சு. படத்துல இருக்கற மாதிரி புதுசா இருக்கும்னு நெனைக்க வேண்டாம்."

"மேல பெயின்ட் அடிச்சிருப்பாங்க. உங்கொப்பன் தலைக்கு அடிக்கறாப்பல."

"ரெண்டு. நமக்குக் குடுத்திருக்கற ரூமுக்கு ஜன்னல் கிடையாது."

வெங்காயம் உரித்த கை நின்றது. "ஜன்னல் இல்லியா? அப்ப படுத்துட்டே கடலப் பாக்க முடியாதா?"

"முடியாது. மேல் தளத்துக்குப் போயிப் பாக்கலாம்."

"செரி, சொல்லு."

"மூணு. எஞ்சின் சத்தமும் அதிர்வும் ரூமுக்குள்ள இருக்கும்."

"அது கெடக்குது. முப்பது வருசமா லேத் சத்தத்துலதான் தூங்கறேன்."

"நாலு. நாலு லிஃப்ட்ல ரெண்டுதான் ஓடும். அதுவும் நின்னா படி ஏறணும்."

"எத்தன மாடி?"

"ஒன்பது தளம்."

அம்மா தன்னையறியாமல் வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்துக்கொண்டாள். அஞ்சாவது, குழாயைத் திறந்தால் முதலில் துருத்தண்ணீர் வரும். "சிறுவாணித் தண்ணி குடிச்ச வாயிக்குத் துருவா?" என்றாள். ஆறாவது, நீச்சல் குளத்தில் தண்ணீர் இருக்கும் என்று உறுதியில்லை.  ஏழாவது, கம்பளத்தில் ஈர வாடை அடிக்கும். எட்டாவது, சாப்பாட்டுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும்.

"தட்டப் புடிச்சுட்டா? கல்யாண ஊட்டுலயே நம்மள ஒருத்தரு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வெப்பாங்க."

"ஒன்பது. கடல் மோசமா இருந்தா தீவுல எறங்க முடியாது."

"எறங்காம?"

"கப்பல்லயே இருந்துட்டுத் திரும்பி வரணும்."

"அப்ப என்னத்துக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். மீதி மூன்றையும் படித்து முடித்தேன். ஏசியை நாம் கூட்டிக் குறைக்க முடியாது, போன் எடுக்காது, கடைசி நேரத்தில் எது மாறினாலும் யாரும் பொறுப்பில்லை. பேனாவை நீட்டினேன்.

அம்மா பேனாவை வாங்கவில்லை. வெங்காயத் தோலையெல்லாம் முறத்தில் ஒதுக்கினாள்.

"இது வேண்டாம் கண்ணு."

அவளுடைய குணம் எனக்குத் தெரியாததல்ல. கிரைண்டர் வாங்க ஆறு வருடம் காத்திருந்தாள். அதுவரை ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். நல்லது வாங்க முடியாதபோது மட்டமானதை வாங்கிச் சமாளித்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்காது. நல்லது வரும்வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள், ஒரு நாள் வாங்கிவிடுவாள். எங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நல்ல பொருளும் அப்படித்தான் வந்தது. இது ஒரு நிமிடம்கூட என் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அந்தப் பையனக் கூப்புடு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பேப்பருல இருக்கறதெல்லாம் நெசமுங்களா?"

"நெசந்தானுங்கம்மா. கொஞ்சம் கொறச்சே எழுதியிருக்கறனுங்க."

"இத ஏந்தம்பி விக்கறீங்க?"

வின்ஸ்டன் சிரித்தான். "இப்போதைக்கு இதான் இருக்குதுங்கம்மா. அடுத்த அக்டோபர்ல புதுக்கப்பல் ஒண்ணு வருதுங்க. எல்லா ரூமுக்கும் ஜன்னல், பால்கனி."

"அக்டோபர்னா ஐப்பசி. உங்கம்மா இருக்கறாங்களா தம்பி?"

"இருக்கறாங்கம்மா."

"உங்கம்மாளா இருந்தா எதுல கூட்டிட்டுப் போவீங்க?"

 "உண்மையச் சொல்லோணும்னா, காத்திருந்து புதுசுலதானுங்க கூட்டிட்டுப் போவேன். பதினஞ்சு நாளைக்கு முன்னாடி சொல்லிட்டா முழுசாத் திருப்பிக் குடுத்துருவாங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சுங்க தம்பி. ஐப்பசிக்கு உங்ககிட்டயே வாரேன். நல்ல பையன் நீங்க."

போனை என்னிடம் கொடுத்தபோது அம்மாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒரு நல்ல முடிவை எடுத்துவிட்ட முகம்.

சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்தார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சோப்புத்தூளைப் போட்டு எண்ணெய்க் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"எல்லாம் முடிவாயிப்போச்சே அம்மணி. பழசுன்னா என்ன? பழசுதான் நல்லா ஓடும்."

"ஓடட்டுமுங்க. ஜன்னல் இல்லாத ரூமுல போயி நான் எதுக்குப் படுக்கோணும்?"

"மூணு நாளுதான. சமாளிச்சுக்கலாம்."

"அதத்தான் நானும் சொல்றேன். சமாளிக்கறதுக்கு எதுக்குங்க அவ்வளவு தூரம் போகோணும்? பதினோரு மாசத்துல நல்லதே வருது."

"அடுத்த வருசம் அப்பறம் ஆரு கண்டா? பட்டறையில ஆர்டரு எப்படி இருக்குமோ."

"இத்தன வருசம் இல்லாத ஆர்டரா?" அம்மா உண்மையாகவே புரியாமல் அவரைப் பார்த்தாள். "கேக்கறேன், சொல்லுங்க. என்ன அவசரம்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இருபத்தேழு வருடத்தில் அப்பா என்னிடம் எதற்காகவும் கெஞ்சியதில்லை. அன்று அவர் பார்த்த பார்வை அதுதான். சொல்லாதே என்கிறாரா, நீயாவது சொல் என்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல அம்மணி" என்று சொல்லிக் குழாயை மூடினார். மறுபடியும் பட்டறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய லேத் ஓடும் சத்தம் கேட்டது. இரும்பு கடைபடும்போது ஒரு கீச்சல் இருக்கும். அது இல்லை. எதையும் மாட்டாமல் வெறுமனே ஓட விட்டிருந்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் காந்திபுரத்துக்குப் போய் வின்ஸ்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே நான் இதைச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏனுங்க மொதல்லயே சொல்லல? சொல்லியிருந்தா அந்தப் பேப்பரையே குடுத்திருக்க மாட்டனுங்களே."

"இப்ப நீங்க ஒரு போன் பண்ணுங்க. கப்பலச் சரி பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. ஜன்னல் இருக்கற ரூம் கெடச்சிருக்குன்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க."

"ஜன்னல் ரூமெல்லாம் தீந்துபோச்சுங்க."

"தெரியும். கப்பல்ல ஏறினதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

அவன் நெடுநேரம் போனைக் கையில் வைத்திருந்தான். பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டான். "அம்மா, வின்ஸ்டன் பேசறனுங்க. அந்தக் கப்பலு... இப்ப நல்லாப் பண்ணிட்டாங்களாமுங்க. லிஃப்ட் நாலும் ஓடுதாம். ரூமும், ஜன்னல் வெச்ச ரூமு ஒண்ணு..."

"நேத்து வந்த துரு இன்னைக்கு நின்னுபோச்சுங்களா தம்பி?"

"அதும்... மாத்திட்டாங்கம்மா. கொழாயெல்லாம்."

 கோபமே இல்லாத குரலில்தான் அம்மா பேசினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. "விக்கலைன்னதும் பேச்ச மாத்தறீங்களே தம்பி. நேத்து நீங்க பேசுனது எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமுங்களா? இந்தக் காலத்துல உள்ளத உள்ளபடி சொல்றதுக்கு ஒரு பையன் இருக்கறானேன்னு எங்கண்ணங்கிட்டக்கூடச் சொன்னேன். இப்படியெல்லாம் பேசாதீங்க. நல்லா இல்ல."

வின்ஸ்டன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். "எனக்குப் பொய் வராதுங்க" என்றான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது என்று அவனிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அம்மா அந்த வாரம் முழுவதும் போனில் உறவுக்காரர்களிடம் கப்பல் கதையைச் சொன்னாள். ஜன்னல் இல்லாத ரூமை, துருத்தண்ணீரை, தட்டேந்தி நிற்கும் வரிசையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முடிக்கும்போது, "ஐப்பசிக்குப் புதுசுல போறமுங்க" என்பாள். பங்காரு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"உடு கண்ணு. போனா என்ன, போகாட்டி என்ன? போறோம்னு நெனச்சுட்டு இருக்கறாள்ல. அந்தச் சந்தோசமே போதும். நீ ஏதும் ஒளறிப்போடாத."

எனக்குப் போதவில்லை. கப்பல் இல்லாவிட்டால் அடுப்படி என்று முடிவு செய்தேன். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளையில், ஓரத்தில், லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. குழல் வைத்து நாலு வாரம்தான் ஆகியிருந்தது. டாக்டர் ஆறு என்று சொல்லியிருந்தார்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

 அவள் என் முகத்தைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தாள். "கப்பலுக்குப் போகலைன்னு வருத்தமா? பொஸ்தகத்துலயே படிச்சுட்டு இருக்கறவ, நெசமாப் பாக்கலாம்னு ஆசையா இருந்திருப்ப. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

"அதில்லம்மா."

"ஐப்பசிக்குள்ள உனக்கும் ஒரு எடம் அமஞ்சிரும் பாரு. மாப்பிள்ளையவும் கூட்டிட்டே போலாம். ரெண்டு ரூமாப் போட்டுக்கலாம்."

"அம்மா, அடுத்த வருசம்..."

"அடுத்த வருசம்?"

அவள் காத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. நான் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த சொற்கள்.

"அடுத்த வருசம் ஐப்பசியில மழை இருக்குமோ என்னமோ" என்றேன்.

"பேஞ்சா நனையறோம். காப்பி ஆறுது, குடி."

பேருந்தில் போகும்போது ஒன்று தெளிவாகப் புரிந்தது. கப்பல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மேல்தளத்தில் நின்று காற்றைப் பற்றிப் பேசியிருப்பேன். திரும்பி வந்திருப்போம். கதைகளில் யாரோ ஒருவர் வாயைத் திறக்கிறார். கடலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அதற்காக அவளை ஒன்பது தளம் படியேற வைக்கப் பார்த்தேன்.

டிசம்பர் ஆறாம் தேதி மாலை, நாங்கள் கொச்சியில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில், அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் நகம் வரை வந்துவிட்டது. காமாலை திரும்பிவிட்டது என்று அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். பங்காரு மாமா தோப்பிலிருந்து கீழாநெல்லி பறித்து அனுப்பியிருந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தாள். அரிப்புக்கு அவள் முதுகை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் போனில் வின்ஸ்டனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புதுக்கப்பலுக்கு முன்பதிவுப் படிவம். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், அனுப்பாமல் இருக்க முடியவில்லை என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் கீழே எழுதியிருந்தான்.

"அந்தத் தம்பியா? வந்துருச்சா? இப்பவே போட்டுரு. நல்ல ரூமெல்லாம் மொதல்லயே போயிரும்."

"அப்பறம் போடலாம்மா. நீ படு."

"படுத்துட்டேதான இருக்கறேன். போடு கண்ணு."

துணியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் கேட்டது. வேலாத்தாள் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில், பயணம் தொடங்கும் நாளில் வயது.

"என்ன கேக்குது?"

"அன்னைக்கு உனக்கு என்ன வயசு இருக்கும்னு."

அம்மா விரலை மடக்கினாள். விரல்கள் மெலிந்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள். "ஆவணிக்கு அம்பத்தி நாலு முடியும். ஐப்பசின்னா அம்பத்தஞ்சு நடக்கும். எதப் போடோணும்?"

"முடிஞ்சதப் போடணும்."

"அப்ப அம்பத்தி நாலு."

அம்பத்தி நாலு என்று போட்டேன். அறை எப்படி வேண்டும் என்று கேட்டது. "ஜன்னல்" என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள். "பால்கனி இருந்தாலும் ஜன்னலும் இருக்கோணும். படுத்துட்டே பாக்கறாப்பல." அதையும் போட்டேன். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்த கேள்விக்கு இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பயணியின் உடல்நிலையில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதும் உண்டா? உண்டு. இல்லை.

நான் படித்துக் காட்டவில்லை. அவளே தலையைச் சாய்த்து, திரையை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

"கல்லு எடுத்தாச்சு. காமாலையும் தைக்குள்ள எறங்கிரும்" என்றாள். "இல்லைன்னு போடு."

நான் இல்லை என்று போட்டேன்.